சித்தம்பூண்டிப் பாறையும் நகல் நிலவைச் செய்தவர்களும்

விண்ணில் ஒரு கருவி சென்று இயங்கவேண்டிய சூழலைப் பூமியிலேயே இயன்ற அளவு உருவாக்கி, அதில் அக்கருவியையோ அதை இயக்கும் மனிதரையோ முன்கூட்டியே பழக்கிப் பார்ப்பது விண்வெளி ஒப்புருவாக்கம் எனப்படும். இதன் ஒரு வகையில் மனிதரே மையம்; அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் 1982 முதல் நடந்துவரும் விண்வெளி முகாமில் பள்ளி மாணவர்கள் விண்வெளி வீரர்களின் பொறுப்பை ஏற்றுப் பழகுவதும், 2024 நவம்பரில் லடாக்கின் லே நகரில் இஸ்ரோவும் லடாக் பல்கலைக்கழகமும் மும்பை ஐ.ஐ.டி.யும் பிறரும் சேர்ந்து தொடங்கிய வேற்றுக்கோள் வாழ்விட ஒத்திகையும் அவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொரு வகையில் மண்ணே மையம். சக்கரம் எந்த மண்ணில் உருளப்போகிறதோ அந்த மண்ணை இங்கேயே செய்து பரப்பி அதில் சக்கரத்தை ஓட்டிப் பார்ப்பது அது. இந்த இரண்டாம் வகையில் இந்தியா மேற்கொண்ட முயற்சிக்கு மூலப்பொருளையும், அதை அடையாளம் காட்டிய ஆசிரியர்களையும், அரைத்துக் கொடுத்த ஆலைகளையும், ஏற்றிச் சென்ற லாரிகளையும் ஒருசேரத் தந்தது சேலம், நாமக்கல் சமவெளி.

நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் சுற்றுவட்டாரத்தில், காடுகழனிகளின் நடுவே தரைமட்டத்திலும் சிறு கரடுகளாகவும் வெண்மையும் சாம்பலும் கலந்த ஒரு பாறை வெளித்தெரிகிறது. உடைத்த முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் கற்கண்டுத் தூளை இறுக்கி வைத்ததுபோன்ற மணிமணியான வெள்ளைப் பரப்பும், அதனூடே ஆம்பிபோல் என்னும் கருங்கனிமம் கோடுகோடாக ஓடுவதும் தெரியும். சில இடங்களில் இளஞ்சிவப்பான குருந்தக் கற்களும் அதில் பதிந்திருக்கும். அனார்த்தோசைட் எனப்படும் இப்பாறை, பெரும்பகுதி பிளஜியோகிளேஸ் என்ற ஒரே கனிமத்தால் ஆனது. பிளஜியோகிளேஸ் என்பது சோடியமும் கால்சியமும் வெவ்வேறு விகிதத்தில் கலந்துவரும் ஃபெல்ஸ்பார் வகையாகும். உலகின் பல நாடுகளில் அனார்த்தோசைட் கிடைத்தாலும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் சோடியத்தின் பங்கு கணிசமாக இருக்கிறது. சித்தம்பூண்டிப் பாறையிலோ கால்சியத்தின் பங்கு எண்பது விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறது, சில மாதிரிகளில் தொண்ணூறையும் தாண்டுகிறது. இதுவே அதன் அருமை.

இப்பாறைத்தொகுதி சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு உருமாறியது. இதன் கனிமங்களை விரிவாக ஆராய்ந்து ஏ. பி. சுப்பிரமணியம் எழுதிய கட்டுரை 1956-இல் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அன்றைக்குச் சித்தம்பூண்டி சென்னை மாநிலத்துச் சேலம் மாவட்டத்தில் இருந்தது. முதல் செயற்கைக்கோள் விண்ணுக்குச் செல்ல இன்னும் ஓராண்டு இருந்தது. நிலவு எந்தப் பாறையால் ஆனது என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியாது. நிலவைப் பற்றிய எண்ணமே இல்லாமல் செய்யப்பட்ட அந்த ஆய்வு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து நிலவுத் திட்டம் ஒன்றுக்கு அடித்தளமாக அமைந்தது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் இன்றைய வழக்கத்துக்கு இந்த அறுபதாண்டு இடைவெளி நல்ல பதில்.

நிலவின் பாறை எது என்பது அப்பல்லோ பயணங்களால் தெரியவந்தது. 1969-இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் கரிய பசால்ட் துகள்களுக்கிடையே சிறுசிறு வெண்துணுக்குகளும் இருந்தன. அவை அனார்த்தோசைட் எனக் கண்ட அறிஞர்கள், நிலவு பிறந்த புதிதில் அதன் மேற்பகுதி முழுவதும் உருகிய கற்குழம்பாக இருந்திருக்க வேண்டும், அது ஆறியபோது எடை குறைந்த பிளஜியோகிளேஸ் படிகங்கள் மேலே மிதந்து திரண்டு முதல் மேலோடாக உறைந்திருக்க வேண்டும் என்று ஊகித்தனர். நிலவில் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் மேட்டுநிலங்கள் அந்தப் பழைய மேலோட்டின் எச்சமாகவும், கருமையாகத் தெரியும் பகுதிகள் பின்னர் பொங்கி வழிந்து பள்ளங்களை நிரப்பிய எரிமலைக் குழம்பாகவும் இன்று கொள்ளப்படுகின்றன.

1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் மேட்டுநில அனார்த்தோசைட்டின் பெருந்துண்டு ஒன்றை நிலவில் கண்டவுடனேயே இனங்கண்டு எடுத்தனர். ஆதிப்பாறை எனப் பெயர்பெற்ற அத்துண்டைப் பற்றிப் பேசுவோர், வீரர்களின் பெயரைச் சொல்லும் அளவுக்கு அவர்களுக்குப் பாடம் சொன்னவரின் பெயரைச் சொல்வதில்லை. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் புவியியல் பேராசிரியர் லியான் சில்வர், விமானிகளாக இருந்த அவ்வீரர்களைப் பாலைநிலங்களுக்கும், அனார்த்தோசைட் கிடைக்கும் சான் கேப்ரியல் மலைகளுக்கும் அழைத்துச்சென்று கல்லைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்க நிலவியல் துறையினர் 1967-இல் அரிசோனாவின் எரிமலைச் சாம்பல் வெளியில் வெடிவைத்துப் பள்ளங்கள் தோண்டி, நிலவின் ஒரு பகுதியை அப்படியே நகலெடுத்து வைத்திருந்தனர். விண்வெளிப் பயணத்தின் வரலாறு ஏவுதளத்திலிருந்து எழுதப்படுவதால், இவ்வாறு தரையில் நின்று வேலை செய்தவர்கள் அதன் அடிக்குறிப்புகளிலேயே தங்கிவிடுகின்றனர்.

இந்தியாவுக்கு நகல் நிலவு தேவைப்பட்டது சந்திரயான்-2 திட்டத்தால். 2008-இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 நிலவைச் சுற்றிவந்து ஆராயும் கலம் என்பதால் அதற்கு மண்ணோடு பெரிய உறவு இல்லை. அடுத்த திட்டத்தில் தரையிறங்கும் கலத்தை ரஷ்யா தருவதாக முதலில் உடன்பாடு இருந்தது. 2011-இல் ரஷ்யாவின் செவ்வாய்த் திட்டம் ஒன்று தோற்றதையடுத்து அந்த ஏற்பாடு கைவிடப்பட, தரையிறங்கும் கலம், அதிலிருந்து இறங்கி உலவும் ரோவர் ஆகிய இரண்டையும் இந்தியாவே செய்யவேண்டியதாயிற்று. அவற்றைச் சோதிக்க 60 முதல் 70 டன் வரை மண் வேண்டியிருந்ததாகவும், அமெரிக்காவில் விற்கப்படும் நகல் மண் கிலோ 150 டாலர் என்ற விலையில் இருந்ததாகவும் பெங்களூரு செயற்கைக்கோள் மையத்தின் பொறுப்பில் இருந்த மயில்சாமி அண்ணாதுரை பின்னர் ஊடகங்களிடம் கூறினார். அந்த விலையில் 60 டன் என்றால் மண்ணுக்கு மட்டும் 90 லட்சம் டாலர் ஆகியிருக்கும். விலையைவிடப் பெரிய சிக்கலும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பெரிதும் புழங்கிய ஜே.எஸ்.சி.-1 வகை மண் அரிசோனாவின் எரிமலைச் சாம்பலால் ஆனது. அது நிலவின் கரும்பகுதிகளுக்குப் பொருந்துமேயன்றி, இந்தியா இறங்க எண்ணியிருந்த தென்பகுதி மேட்டுநிலத்துக்குப் பொருந்தாது.

சேலம் அருகே நிலவுக்கு நெருக்கமான பாறை உண்டு என்று புவியியலாளர்கள் இஸ்ரோவுக்கு எடுத்துச் சொன்னபோது, அதைப் பற்றிப் பேச ஆயத்தமாக ஒரு துறை சேலத்திலேயே இருந்தது. 1997-இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில் பேராசிரியர் எஸ். அன்பழகனும் அவருடைய ஆய்வுக்குழுவினரும் சித்தம்பூண்டி அனார்த்தோசைட்டின் மீது ஒளியைச் செலுத்தி, அது எந்த நிறத்தை எவ்வளவு உறிஞ்சி எவ்வளவு திருப்பியனுப்புகிறது என்று அளந்து, அந்த அளவீட்டை நிலவின் பாறைகளோடு ஒப்பிடும் பணியை ஏற்கெனவே செய்துவந்தனர். சுற்றுக்கலம் ஒன்று மேலிருந்து நிலவைப் படமெடுக்கும்போது பாறையை இனங்காணப் பயன்படுவது இவ்வகை ஒளிக்கையொப்பமே ஆகும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்தேறிப் படிக்கவரும் மாணவர்கள் மிகுந்த ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், தன் வாசலில் கிடக்கும் கல்லையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டிருந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தொலைவிலுள்ள பெரிய நிறுவனம் ஒன்று இந்தக் கல்லைத் தேடி வந்திருக்கக்கூடும். ஆனால் எந்தக் கரட்டில் கருங்கோடு குறைவு, எந்தப் பாறை காற்றிலும் மழையிலும் மக்காமல் இருக்கிறது என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் அங்கே நடந்து திரிந்தவர்களுக்கே கைவரும் அறிவு.

கருங்கோட்டுக்கு இங்கே ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், ஆம்பிபோல் தன் படிக அமைப்புக்குள்ளேயே நீரின் கூறுகளைப் பூட்டி வைத்திருக்கும் கனிமம். வறண்ட நிலவின் மேட்டுநிலப் பாறைகளோடு அது ஒட்டாது. ஆகவே வெண்மை மிகுந்த பாறையே இப்பணிக்கு உகந்தது. தேர்ந்தெடுத்த பாறைகள் வணிக முறையில் இயங்கும் கல்லுடைப்பு ஆலைகளில், வழக்கமாக வீட்டுக்கும் சாலைக்கும் ஜல்லி அரைக்கும் அதே தொழிலாளர் மரபின் கைகளில், மாவாக அரைக்கப்பட்டன. ஆலைக்காரருக்கு முக்கால் இஞ்சு, அரை இஞ்சு, எம்-சாண்ட் என்பவை பழகிய அளவுகள். நிலவு மண்ணின் துகளோ சராசரியாக மில்லிமீட்டரில் பதினான்கில் ஒரு பங்கு, அதாவது 70 மைக்ரான் அளவில் இருக்கிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. எல்லாத் துகளும் ஒரே அளவாக அரைபட்டுவிட்டாலும் பயனில்லை. பெரிதும் சிறிதும் எந்த விகிதத்தில் நிலவில் கலந்துள்ளனவோ அதே விகிதத்தில் இங்கும் கலந்தால்தான் மண் அதேபோல் அமுங்கும், அதேபோல் சரியும்.

அந்த விகிதத்தைச் சரிபார்க்கும் முறை எந்தப் பொறியியல் கல்லூரி மாணவருக்கும் தெரிந்ததுதான். கண்ணளவு குறைந்துகொண்டே செல்லும் வட்டச் சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்தட்டில் உலர்ந்த மண்ணைக் கொட்டி, அடுக்கு முழுவதையும் பொறியில் பூட்டிக் குலுக்கி, ஒவ்வொரு தட்டிலும் தங்கியதைத் தனித்தனியே நிறுத்து எழுத வேண்டும். அடுத்து வருவது வெட்டுப்பெட்டிச் சோதனை. மேல்பாதி கீழ்பாதி என இரண்டாகப் பிரியும் சிறு உலோகப்பெட்டியில் மண்ணை அமுக்கி நிரப்பி, மேலே எடை வைத்து, ஒரு பாதியை மட்டும் பக்கவாட்டில் தள்ளும்போது எந்த விசையில் மண் வெட்டுண்டு நழுவுகிறது என்பதை அளப்பார்கள். வெவ்வேறு எடைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் திறனும் உராய்வுக் கோணமும் கிடைக்கின்றன. சக்கரம் புதையுமா, பற்றி ஏறுமா என்பதைத் தீர்மானிப்பவை இந்த இரண்டு எண்களே. இப்பகுதிப் பணி திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் கட்டுமானப் பொறியியல் துறையில், கே. முத்துக்குமரனின் வழிகாட்டுதலில் நடைபெற்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வல்லுநர்களும் திட்டத்தில் பங்குகொண்டனர்.

இப்பணிகளின் முடிவில் உருவான மண் எல்.எஸ்.எஸ்.-ஐசாக்-1 எனப் பெயரிடப்பட்டது. அதைச் செய்யும் முறைக்கு 2014-இல் விண்ணப்பிக்கப்பட்ட காப்புரிமை 2020 மே மாதத்தில் வழங்கப்பட்டது. கண்டுபிடிப்பாளர்களாகப் பதிவான பெயர்களில் ஐ. வேணுகோபால் உள்ளிட்ட பெங்களூரு யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தினரோடு, பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நால்வரும் திருச்சியின் முத்துக்குமரனும் இடம்பெற்றுள்ளனர். அரசுத் திட்டமொன்றில் உதவிசெய்த கல்வி நிறுவனத்தாருக்கு நன்றியுரையில் ஒரு வரி ஒதுக்கி முடித்துக்கொள்வதே வழக்கமாக இருக்க, காப்புரிமையில் அவர்களைச் சம பங்காளிகளாக எழுதியது பாராட்டத்தக்க செயல்.

காப்புரிமையில் இடம்பெறாத கைகளும் இருந்தன. திட்டத்துக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்க எண்ணியிருந்ததாகவும், சேவை வழங்கியவர்கள் கட்டணம் பெறாததால் செலவு மிகச் சொற்பமாக முடிந்ததாகவும் அண்ணாதுரை தெரிவித்தார். சேலத்து லாரிகளே பெங்களூருவுக்கு மண்ணைக் கொண்டுசேர்த்தன. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரம் லாரித் தொழிலாலும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளாலும் இந்தியா முழுவதும் அறியப்பட்ட இடம் என்பதால், அத்தனை டன் மண்ணை ஓசூர் வழியாகப் பெங்களூருவில் இறக்குவது இவ்வட்டாரத்துக்குப் பெரிய வேலையன்று. டீசலுக்கும் சுங்கச்சாவடிக்கும் கணக்குப் பார்த்தே வாழவேண்டிய தொழிலில் இருப்பவர்கள் வாடகையை விட்டுக்கொடுப்பது வேறு செய்தி. தன்னார்வம் என்றதும் சீருடை அணிந்த இளைஞர் கூட்டமே நினைவுக்கு வருகிறது. கட்டணச்சீட்டு எழுதாமல் அனுப்பப்பட்ட ஒரு லோடும் அக்கணக்கில் சேரவேண்டியதே.

பெங்களூருவில் இதற்கென அமைக்கப்பட்ட நிலவுத்தரைச் சோதனைக்கூடத்தில் மண் பரப்பப்பட்டது. நிலவில் எடை ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், ரோவரை அப்படியே ஓட்டினால் சக்கரம் இங்கே தேவைக்கு மேல் புதையும். ஆகவே ஹீலியம் நிரப்பிய பலூன்களை அதன்மேல் கட்டி, எடையின் ஆறில் ஐந்து பங்கைப் பலூன் தாங்கிக்கொள்ளுமாறு செய்தனர். துருவப் பகுதியில் சூரியன் தாழ்ந்த கோணத்தில் நிற்பதால் நிழல் நீண்டு விழும், கேமராவை ஏமாற்றும். அதற்கேற்ப விளக்குகளும் அமைக்கப்பட்டன. தொடக்கத்தில் நான்கு சக்கரங்களுடன் எண்ணப்பட்டிருந்த ரோவர், இச்சோதனைகளுக்குப் பிறகே ஆறு சக்கரங்கள் பெற்றது எனவும், சக்கரத்தின் அளவும் மாற்றப்பட்டது எனவும் அண்ணாதுரை கூறியுள்ளார். தரையிறங்கியின் உணர்கருவிகளைச் சோதிப்பதற்குக் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரே அருகே செயற்கைப் பள்ளங்கள் தனியாகத் தோண்டப்பட்டன.

மண்ணைச் சோதிக்காமல் விட்டால் என்னாகும் என்பதற்கு வேறு கோளிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. செவ்வாயில் ஐந்தாண்டுகளுக்கு மேல் உலவிய நாசாவின் ஸ்பிரிட் ரோவர் 2009-இல் மேலோடு உடைந்த மென்மண்ணில் சிக்கிக்கொண்டது. அது சிக்கிய பிறகுதான் கலிபோர்னியாவிலுள்ள ஆய்வகத்தில் களிமண் பொடியையும் நுண்பாசிப் படிவுப் பொடியையும் கலந்து அதேபோன்ற மண்ணைச் செய்து, இன்னொரு ரோவரை அதில் வேண்டுமென்றே புதைத்து மீட்கும் வழியைத் தேடினர். வழி ஓரளவே கிட்டியது. 2010 மார்ச்சுக்குப் பிறகு ஸ்பிரிட் பேசவில்லை.

எனினும் எந்த நகல் மண்ணும் அரைகுறைதான் என்பதை அதைச் செய்பவர்களே முதலில் ஒப்புக்கொள்வர். நிலவின் துகள்களை உருட்டித் தேய்க்க அங்கே நீரோ காற்றோ இல்லை. நுண்கற்கள் ஓயாமல் மோதுவதால் அவை உடைந்து கூர்முனைகளோடு இருக்கின்றன, மோதலின் வெப்பத்தில் உருகிய கண்ணாடியால் ஒட்டுண்டும் கிடக்கின்றன. ஆலையில் அரைத்த தூளுக்குக் கூர்முனை உண்டு, கண்ணாடி ஒட்டு இல்லை. பலூன் ரோவரின் எடையைத்தான் குறைக்கிறது. அடியிலுள்ள ஒவ்வொரு மண்துகளும் பூமியின் முழு ஈர்ப்பிலேயே கிடப்பதால், நிலவில் இருப்பதைவிட இறுக்கமாக அது படிந்திருக்கும். வெற்றிடமும் கதிர்வீச்சும் தனிக்கதை. ஆகையால் ஒப்புருவாக்கத்தில் பணியாற்றுவோரின் உண்மையான திறமை, எந்தப் பண்பு எந்தச் சோதனைக்குத் தேவை, எதை விட்டுவிடலாம் என்று பிரித்தறிவதிலேயே இருக்கிறது. புவியியலாளர் கனிமத்தையும், மண்ணியல் பொறியாளர் உராய்வையும், ஒளியியலார் வெளிச்சத்தையும் காவல் காக்க, ஒருவர் காவல் காப்பதை மற்றவர் நம்ப வேண்டியிருக்கிறது.

2019 ஜூலை 22-இல் புறப்பட்ட சந்திரயான்-2-இன் தரையிறங்கும் கலம், செப்டம்பர் 7-ஆம் நாள் அதிகாலையில் வேகத்தைக் கட்டுப்படுத்த இயலாமல் நிலவில் மோதியதால், சித்தம்பூண்டி மண்ணில் பழகிய சக்கரத்துக்கு நிலவில் உருளும் வாய்ப்பே கிட்டவில்லை. நான்காண்டுகள் கழித்து, விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவத்துக்கு அருகே மெல்ல இறங்கியது; 26 கிலோ எடையுள்ள அதன் பிரக்யான் ரோவர் அங்கே சுமார் நூறு மீட்டர் உலவியது. அந்த வழியில் 23 இடங்களில் ஆல்பா கதிர்க் கருவியால் எடுத்த அளவீடுகளை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வெளியிட்டனர். மண்ணின் பெரும்பகுதி இரும்பு சிறிது கலந்த அனார்த்தோசைட் என்று அந்த அளவீடுகள் காட்டின. சேலத்துப் புவியியலாளர்களின் தேர்வு சரி என்றாயிற்று. அதேவேளை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான மக்னீசியமும் அங்கே காணப்பட்டது, பக்கத்துப் பெரும்பள்ளம் ஒன்று தோன்றியபோது ஆழத்திலிருந்து வாரியிறைக்கப்பட்ட பொருள் அது எனக் கருதப்படுகிறது. வெள்ளைப் பாறையை மட்டும் அரைத்த மண்ணில் அந்தக் கலப்பு இராது.

இக்கலப்பைக் கணக்கில் கொள்ளவேண்டிய வேலை நெருங்கிவிட்டது. நிலவின் மண்ணைத் துளைத்தும் அள்ளியும் பூமிக்குக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. உருளும் சக்கரத்துக்கு மேல்மண்ணின் உராய்வு தெரிந்தால் போதும். துளைக்கும் கருவிக்கோ ஆழம் செல்லச்செல்ல மண் எப்படி இறுகுகிறது என்பது தெரிய வேண்டும், அதற்கான நகல் மண்ணை அடுக்கடுக்காக வெவ்வேறு இறுக்கத்தில் அமைக்க வேண்டும். ஜப்பானோடு சேர்ந்து செய்யவிருக்கும் சந்திரயான்-5 திட்டத்தின் ரோவர் 250 கிலோ, அதாவது பிரக்யானைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. அந்த எடையை எந்தச் சக்கரம் எவ்வளவு புதையாமல் தாங்கும் என்பதற்கான எண்களை, சல்லடை அடுக்கையும் வெட்டுப்பெட்டியையும் வைத்துக்கொண்டு ஏதோ ஓர் ஆய்வகத்தில் மாணவர்கள் மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாக வேண்டும்.